நினைவகம் தாமதித்தாலும் நிற்காத கணினி

(பொட்டிப்புரத்தில் நடந்த மாணவர் வழிகாட்டி அமர்வில், நமது அறக்கட்டளையின் கல்விக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)

   

கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களைப் பார்க்க நாங்கள் உட்காரும்போது, பெற்றோரிடமிருந்து இப்போதெல்லாம் ஒரே கேள்விதான் வருகிறது. "நகையை அடகு வச்சு பையனை கம்ப்யூட்டர் படிக்க அனுப்பிட்டோம். இப்ப மெஷினே புரோகிராம் எழுதுதாமே. நாளைக்கு இவனுக்கு வேலை இருக்குமா?" ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் நகை அடகில் இருக்கிற வீட்டுக்கு ஆறுதல் வார்த்தை வட்டி கட்டாது. வேலை நிச்சயம் என்று வாக்குக் கொடுக்கவும் எங்களால் முடியாது. கணினிக்குள்ளே இன்னும் தீராமல் இருக்கிற ஒரு சிக்கலைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்லலாம் என்று வந்திருக்கிறோம். புரோகிராம் எழுதுகிற அந்த மெஷினும் இதே சிக்கலில் மாட்டிக்கொண்டுதான் ஓடுகிறது. அதனால் இதைப் படித்தவனுடைய படிப்பு சீக்கிரம் பழையதாகிவிடாது என்பது எங்கள் கணிப்பு.

சிக்கல் இதுதான். கடையில் கணினி வாங்கப் போனால் "3 கிகாஹெர்ட்ஸ்" என்று சொல்வார்கள். செயலி வினாடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது என்று அதற்குப் பொருள். ஒவ்வொரு துடிப்பிலும் அது ஒரு கூட்டலோ, பெருக்கலோ, சில சமயம் பலவோ செய்துவிடும். ஆனால் கூட்ட வேண்டிய எண் ரேமில் இருக்கிறது. அங்கிருந்து அதைக் கொண்டுவர ஏறக்குறைய 100 நானோ வினாடி ஆகும். அதாவது 300 துடிப்பு. ஒரு துடிப்பை ஒரு வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வினாடியில் கணக்குப் போட்டு முடித்துவிடுகிற கணக்குப்பிள்ளை, அடுத்த எண்ணுக்காக ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மறுபடி ஒரு வினாடி வேலை, மறுபடி ஐந்து நிமிடம். இவருக்கு இரண்டு மடங்கு சம்பளம் கொடுத்து இன்னும் வேகமானவரை வைத்தாலும் ஐந்து நிமிடம் ஐந்து நிமிடம்தான்.

ரேமை வேகப்படுத்தக் கூடாதா என்று கேட்பீர்கள். ஓரளவுக்குத்தான் முடியும். 3 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு நேரத்துக்குள் வெளிச்சமே 10 சென்டிமீட்டர்தான் போகும். கம்பியில் போகிற மின்குறி அதைவிட மெதுவானது. அதோடு ரேமில் ஒவ்வொரு பிட்டும் மிகச் சிறிய ஒரு மின்தேக்கியில் மின்னூட்டமாகத்தான் இருக்கிறது. அந்தத் துளி மின்னூட்டத்தை நீண்ட கம்பியில் இறக்கி, இருக்கிறதா இல்லையா என்று உணர்ந்து, பெருக்கி, அதன் பிறகே அனுப்ப வேண்டும். கிட்டங்கி பெரிதாகப் பெரிதாக ஒரு மூட்டையைத் தேடி எடுக்க நேரம் கூடத்தானே செய்யும்? செயலியின் வேகம் ஆண்டுதோறும் பாய்ந்து ஏறிய காலத்தில் நினைவகத்தின் தாமதம் அந்த அளவுக்குக் குறையவே இல்லை. 1995-ல் வுல்ஃப், மக்கீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு "நினைவகச் சுவர்" என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது.

இதற்கு முதல் மருந்து கேஷ். செயலிக்குப் பக்கத்திலேயே சின்னதாக, வேகமாக ஒரு நினைவகம். போடியிலிருந்து ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஒரே ஒரு ஆளுக்காக யாராவது மலை ஏற்றுவார்களா? பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறவர்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டுதான் வண்டி கிளம்பும். கணினியும் ஒரு எண் கேட்டால் பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்து 64 பைட்டாகத்தான் கொண்டுவரும். அடுத்துக் கேட்கப்போவது பக்கத்தில் உள்ளதாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. பெரும்பாலும் அது பலிக்கிறது. பலிக்காத வேலைகளும் நிறைய உண்டு.

இன்று நாங்கள் சொல்ல வந்தது இரண்டாவது மருந்து. தாமதத்தைக் குறைக்க முடியாத இடத்தில், தாமதம் இருந்தாலும் வேலை நிற்காதபடி கணினியை அமைப்பது.

வலீமா விருந்தில் பிரியாணி மாஸ்டரைக் கவனித்திருக்கிறீர்களா? ஐந்து தேக்சா அடுப்பில் இருக்கும். மாஸ்டர் ஒருவர்தான். ஒன்றைத் தம்மில் போட்டுவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டிருக்க மாட்டார். அடுத்ததில் வெங்காயம் வதங்குகிறதா என்று பார்ப்பார், மூன்றாவதில் கறியைப் போடுவார், நான்காவதில் அரிசி பதம் பார்ப்பார். திரும்பி வரும்போது முதல் தேக்சா தயார். எந்தத் தேக்சாவும் சீக்கிரமாக வேகவில்லை என்பதைக் கவனியுங்கள். தம்முக்கு அரை மணி நேரம் என்றால் அரை மணி நேரம்தான். ஆனாலும் ஐந்து தேக்சாவும் ஒன்றன்பின் ஒன்றாகச் சமைத்தால் ஆகிற நேரத்தில் ஒரு பங்கில் முடிந்துவிடுகிறது.

கணினியில் ஒரு தேக்சாவுக்கு ஒரு "இழை" என்று பெயர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு இழை 20 துடிப்பு வேலை செய்கிறது, பிறகு நினைவகத்துக்காக 300 துடிப்பு காத்திருக்கிறது. 320-ல் 20, அதாவது நூற்றுக்கு ஆறு பங்குதான் செயலிக்கு வேலை. மீதி நேரம் மின்சாரம் எரிந்துகொண்டு சும்மா கிடக்கிறது. அதே மாதிரி 16 இழைகளை வைத்து, ஒன்று காத்திருக்கும்போது அடுத்ததுக்கு மாறினால், 16 தடவை 20 என்பது 320. சுற்று முடிந்து முதல் இழைக்கு வரும்போது அதன் எண் வந்து காத்திருக்கும். செயலி ஒரு துடிப்பு கூட வீணாக்கவில்லை.

காகிதத்தில் எளிது. மாஸ்டருக்கு ஒவ்வொரு தேக்சாவிலும் உப்புப் போட்டாயிற்றா, எவ்வளவு தண்ணீர் வைத்தோம் என்பதெல்லாம் தனித்தனியாக நினைவில் இருக்க வேண்டும். குழம்பினால் ஒரு தேக்சாவில் இரண்டு முறை உப்பு விழும். செயலியிலும் ஒவ்வொரு இழைக்கும் தனித்தனி ரிஜிஸ்டர்கள் வேண்டும். மாறும்போது ஒன்றின் கணக்கை எடுத்து வைத்து இன்னொன்றின் கணக்கை எடுக்க நேரம் பிடித்தால் லாபம் போய்விடும். எனவே எல்லா இழைகளின் கணக்கையும் சிப்புக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். அதற்கு இடம் வேண்டும், மின்சாரம் வேண்டும்.

இதைத் துணிந்து விற்பனைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் பர்ட்டன் ஸ்மித். 1980-களின் தொடக்கத்தில் டெனல்கோர் நிறுவனத்துக்காக 'ஹெப்' என்ற கணினியை வடிவமைத்தார். பிறகு அவர் தொடங்கிய டேரா நிறுவனத்தின் கணினியில் ஒரு செயலிக்கு 128 இழைகள். அதில் எண்களுக்குக் கேஷே கிடையாது. தாமதத்தை முழுக்க முழுக்க இழைகளை வைத்தே தாங்கிக்கொள்ளலாம் என்ற அளவுக்கு நம்பிக்கை. அந்தக் கணினி விரல்விட்டு எண்ணுகிற இடங்களில்தான் விற்றது. "விற்காத சரக்கு" என்று அன்று ஒதுக்கியவர்கள் உண்டு. இன்று செயற்கை நுண்ணறிவுக்கு எல்லோரும் முண்டியடித்து வாங்குகிற ஜிபியு சிப்புகளின் உள்ளே இருப்பது அதே யோசனைதான். 2020-ல் வந்த என்விடியாவின் ஏ100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 108 கூறுகள், ஒவ்வொன்றும் ஒரே சமயத்தில் 2048 இழைகள் வரை கையில் வைத்திருக்கும். மொத்தம் இரண்டு லட்சத்து இருபத்தோராயிரத்துக்கும் மேல். அத்தனை தேக்சா! ஆனால் ஒரு கூறில் 65,536 ரிஜிஸ்டர்கள்தான். 2048 பேர் பங்கிட்டால் ஆளுக்கு 32. ஒரு இழை 64 கேட்டால் 1024 இழைகளுக்குத்தான் இடம். அடுப்படி அகலம் எவ்வளவோ அவ்வளவுதான் அடுப்பு வைக்க முடியும்.

அந்த ஏ100 சிப்புகளை வைத்துப் புனேயில் சி-டாக் அமைத்த 'பரம் சித்தி' 2020 நவம்பரில் உலகின் 500 பெரிய கணினிகளின் பட்டியலில் 63-ஆம் இடத்தைப் பிடித்தது. அதே சி-டாக் 1988-ல் தொடங்கப்பட்ட கதையைப் பெரியவர்கள் சிலர் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். உயர்திறன் கணினிகளை நமக்குத் தர அமெரிக்கா தயங்கிய காலம் அது. விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் 'பரம் 8000' வந்தது. அதில் இருந்தவை பிரிட்டனின் இன்மாஸ் நிறுவனத்து டிரான்ஸ்பியூட்டர் சிப்புகள். ஒரு வேலை பக்கத்துச் சிப்பிலிருந்து சேதி வரக் காத்திருந்தால், டிரான்ஸ்பியூட்டர் தானாகவே அடுத்த வேலைக்கு மாறிக்கொள்ளும். மாறுவதற்கென்று இயக்க முறைமையை எழுப்ப வேண்டியதில்லை. சிறிய சிறிய சிப்புகளைச் சேர்த்துப் பெரிய வேலையை முடிக்க அது உதவியது.

இனி ஒரு இந்தியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மிகவும் பிடித்தவர். பெயர் அர்விந்த். அந்த ஒற்றைப் பெயரிலேயே அறியப்பட்டவர். கான்பூர் ஐஐடியில் 1969-ல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் எம்ஐடியில் பல்லாண்டு பேராசிரியராக இருந்து 2024 ஜூனில் காலமானார். அவரும் அவருடைய மாணவர் ராபர்ட் இயனூச்சியும் 1980-களில் ஒரு கட்டுரையில் சொன்னதன் சாரம் இது: பல செயலிகள் சேர்ந்து வேலை செய்கிற கணினியில் தீர்க்க வேண்டிய அடிப்படைச் சிக்கல்கள் இரண்டு. ஒன்று நினைவகத்தின் தாமதம். மற்றொன்று, ஒருவர் எழுதி முடிப்பதற்குள் மற்றவர் படித்துவிடாமல் ஒழுங்கு செய்வது. ஒன்றை மட்டும் தீர்த்து மற்றதை விட்டுவிட்டால் பயனில்லை.

இரண்டாவதை எப்படித் தீர்த்தார்கள் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. ரமலானில் நோன்புக் கஞ்சி வாங்கப் பிள்ளைகள் அஸருக்கே தூக்குவாளியைக் கொண்டுபோய்ப் பள்ளிவாசலில் வரிசையில் வைத்துவிடும். கஞ்சி இன்னும் இறக்கவில்லை. பிள்ளைகள் அங்கேயே நின்றுகொண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டுக்கொண்டிருப்பதில்லை. விளையாடப் போய்விடும். கஞ்சி இறங்கியதும் வரிசையில் உள்ள வாளிகள் ஒவ்வொன்றாக நிரம்பும். அர்விந்தின் குழு வடிவமைத்த நினைவகமும் இதே மாதிரிதான். ஒவ்வொரு இடத்துக்கும் "நிரம்பியது, காலி" என்று ஓர் அடையாளம். காலியான இடத்தைப் படிக்க ஒரு வேலை முன்கூட்டியே வந்துவிட்டால், அதன் பெயரை அங்கேயே குறித்து வைத்துக்கொள்ளும். மதிப்பு எழுதப்பட்டதும் குறித்து வைத்த எல்லோருக்கும் அனுப்பிவிடும். யாரும் வாசலில் நிற்க வேண்டியதில்லை, அரைவேக்காட்டுக் கஞ்சியை யாரும் கொண்டுபோகவும் முடியாது.

எந்த வேலைக்குத் தேவையான எண்கள் எல்லாம் வந்து சேர்ந்தனவோ அந்த வேலை உடனே நடக்கட்டும், வரிசை எண் எதற்கு என்பது அவர்களுடைய கொள்கை. மோட்டோரோலாவுடன் சேர்ந்து அப்படி ஒரு கணினியைக் கட்டினார்கள். அதற்கு வைத்த பெயர் 'மான்சூன்'. பருவமழை! கணவாய் வழியாகச் சாரல் வரும் வரை காத்திருந்து, வந்த உடனே ஏர் பூட்டுகிற நம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இந்தப் பெயர் புரியாமல் இருக்காது. மான்சூனும் கடைக்கு வரவில்லை. ஆனாலும் இன்று உங்கள் கைபேசிச் செயலியைப் பிரித்துப் பார்த்தால், எண்கள் வந்த கட்டளையை முதலில் முடித்துவிட்டு வராததைக் காக்க வைக்கிற ஏற்பாடு அதற்குள்ளும் இருக்கிறது. 1967-ல் ஐபிஎம்மின் டொமசூலோ சிறிய அளவில் செய்து காட்டியது அது.

அர்விந்தின் ஆய்விலிருந்து இன்னொரு கிளை நம் மாநிலம் வரை வந்திருக்கிறது. சிப்புகளை வடிவமைக்க அவர் குழுவின் ஆய்வு வழியாக 'புளூஸ்பெக்' என்ற மொழி உருவானது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழுவினர் 'சக்தி' என்ற செயலிக் குடும்பத்தை எழுதியது அந்த மொழியில்தான். 2018-ல் சக்தி சிப் ஒன்றில் லினக்ஸ் ஓடியது. அதன் வடிவமைப்பு எல்லோரும் எடுத்துப் படிக்கத் திறந்து கிடக்கிறது. கட்டணம் இல்லை, நுழைவுத் தேர்வு இல்லை. உத்தமபாளையத்திலோ கம்பத்திலோ இருக்கிற ஒரு மாணவி, ஒரு செயலி நினைவகத்திடம் எப்படிக் கேட்கிறது, பதில் வரும் வரை என்ன செய்கிறது என்பதை வரி வரியாகப் படிக்கலாம். நாங்கள் படித்த காலத்தில் இது யாருக்கும் கிடைக்காத வசதி.

இந்த அமர்வைப் பொட்டிப்புரத்தில் வைத்ததற்கும் காரணம் உண்டு. நியூட்ரினோ ஆய்வுக்கூடத்தால் இந்த ஊரின் பெயர் உலகமெங்கும் உள்ள இயற்பியல் கட்டுரைகளில் இருக்கிறது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1500 கோடி ரூபாயில் ஒப்புதல் கொடுத்தது. பிறகு போராட்டங்கள், வழக்குகள், தமிழ்நாடு அரசின் எதிர்ப்பு எல்லாம் உங்கள் வாசலிலேயே நடந்தவை. மலை, தண்ணீர், காடு பற்றி நீங்கள் கேட்ட கேள்விகள் நியாயமான கேள்விகள். அது வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை.

ஆனால் அந்தத் திட்டத்தின் காகிதத்தில் மலையைக் குடையாமலே நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று இருக்கிறது. அதன் கணக்கு. 50,000 டன் இரும்புத் தகடுகளுக்கு இடையில் 28,800 கண்ணாடி உணர்கருவிகள், ஒவ்வொன்றிலும் 128 மின்பட்டைகள் என்பது வடிவமைப்பு. பெருக்கினால் 36 லட்சத்து 86 ஆயிரத்து 400 தடங்கள். அவற்றில் பதிகிற ஒவ்வொரு துகளின் பாதையும் காந்தப்புலத்தில் எப்படி வளைந்தது என்று கணினி கண்டுபிடிக்க வேண்டும். ஒரு துகளின் கணக்குக்கும் அடுத்த துகளின் கணக்குக்கும் சம்பந்தமில்லை. தனித்தனித் தேக்சாக்கள்! இழைகள் பல கொண்ட கணினிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைப்பது அரிது. மதுரையில் 85 டன் எடையில் ஒரு சிறிய மாதிரிக் கருவி தரைக்கு மேலேயே இயங்கி, வானிலிருந்து வரும் மியூயான் துகள்களைப் பதிவு செய்திருக்கிறது. இயற்பியல் படிக்கிற பிள்ளைகளும் கணினி படிக்கிற பிள்ளைகளும் சந்திக்கிற இடம் இது.

எல்லா வேலையும் இப்படிப் பிரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த வீட்டில் கேட்டால் அடுத்த வீட்டு விலாசம் சொல்வார்கள், அங்கே போனால்தான் அதற்கடுத்த விலாசம் தெரியும் என்கிற மாதிரிக் கணக்குகள் உண்டு. அப்படி ஒரே ஒரு தேடல் என்றால் எத்தனை இழை வைத்தாலும் லாபமில்லை, ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாகத்தான் போக வேண்டும். தேடல்கள் பல இருந்தால் மட்டுமே ஒன்றின் காத்திருப்பில் மற்றது நகரும். ஒரு வேலை இதில் எந்த வகை, அதை வேறு விதமாக அடுக்கினால் இன்னொரு வகையாக்க முடியுமா என்று பார்க்கத் தெரிந்தவர்தான் இந்தத் துறையில் கைதேர்ந்தவர். மெஷின் எழுதித் தந்த புரோகிராம் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று சொல்லப்போகிறவரும் அவர்தான்.

பெரியோர்களுக்கு நடைமுறையாக ஒன்று. பயிற்சி மையத்துக்குக் கணினி வாங்கும்போது, செயலியில் ஒரு படி உயர்ந்ததை எடுங்கள் என்று எங்களுக்கு யோசனை சொன்னார்கள். நாங்கள் அந்தப் பணத்தைச் செயலியில் போடவில்லை. 16 ஜிபி ரேமை ஒரே அட்டையாக வாங்காமல் 8 ஜிபி அட்டை இரண்டாக வாங்கி, இரண்டு தனித்தனிப் பாதைகளில் போட்டோம். டிடிஆர்4 3200 அட்டை என்றால் ஒரு பாதையில் வினாடிக்கு 25.6 கிகாபைட் வரலாம். இரண்டு பாதை என்றால் இரண்டு மடங்கு. தாமதம் குறையவில்லை, பாதை அகலமாயிற்று. அந்த அகலமும் சும்மா நிரம்பாது. 100 நானோ வினாடி தாமதத்தில் ஒரு பாதையை நிரப்ப வேண்டுமானால் எந்த நேரமும் 2560 பைட் வழியில் இருக்க வேண்டும். 64 பைட் ஜீப் கணக்கில் 40 ஜீப்புகள் ஒரே சமயத்தில் மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொன்றாக அனுப்பினால் எவ்வளவு அகலமான ரோடும் வெறிச்சோடித்தான் கிடக்கும்.

உதவித்தொகை பற்றியும் கேட்டிருந்தீர்கள். கணினிப் பொறியியல் மாணவர்களுக்கு மட்டும் என்று இதுவரை நினைத்திருந்த பெற்றோர், மின்னணுவியலும் தொடர்பியலும் படிக்கிற பிள்ளைகளும், பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிற பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மகள்களின் விண்ணப்பம் குறைவாக வருகிறது. அத்தாமார்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

மாணவர்களுக்கு அடுத்த அமர்வுக்குள் ஒரு வேலை தருகிறோம். சி மொழியில் 5000-க்கு 5000 என்று முழு எண்களின் அட்டவணை ஒன்று அமையுங்கள். 100 மெகாபைட் வரும், கேஷுக்குள் அடங்காது. எல்லா எண்களையும் முதலில் வரிசை வரிசையாகக் கூட்டுங்கள், பிறகு பத்தி பத்தியாகக் கூட்டுங்கள். இரண்டுக்கும் விடை ஒன்றுதான், கூட்டல்களின் எண்ணிக்கையும் ஒன்றுதான். ஆகிற நேரம் மட்டும் வேறாக இருக்கும். கம்பைலரின் வேகப்படுத்தும் வசதியை அணைத்து ஒரு முறையும் போட்டு ஒரு முறையும் பாருங்கள். பிறகு வேலையை இரண்டு இழையாக, நான்கு இழையாகப் பிரித்து நேரத்தைக் குறியுங்கள். எந்த இடத்தில் இழையைக் கூட்டியும் நேரம் குறையாமல் நின்றுவிடுகிறது என்று பார்த்து, அதற்குக் காரணம் என்னவென்று ஒரு பக்கம் எழுதி வாருங்கள். வீட்டில் கணினி இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை லுஹருக்குப் பிறகு மையத்துக்கு வரலாம். மாணவிகளுக்குக் காலை நேரம் ஒதுக்கியிருக்கிறோம். நோட்டும் பேனாவும் கொண்டுவாருங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ள.